உள்ளங்கை அகலக் காகிதம்

விடுமுறைப் படத்தின் முதல் காட்சி முடிந்ததும், வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே படம் ஓடுமா ஓடாதா என்று தியேட்டர் மேனேஜர் சொல்லிவிடுவார். கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கு முகம் தேவையில்லை, தரையே சொல்லிவிடும். படம் பிடித்திருந்தால் காகிதம் கணுக்கால் வரைக்கும் கிடக்கும். பிடிக்காவிட்டால் பொரித்த சோளமும் காலிக் கப்பும்தான் கிடக்கும். சலித்துப்போனவனுக்குத் தின்பதைத் தவிர வேறு என்ன வேலை?

அன்றைக்குக் கணுக்கால் வரைக்கும் கிடந்தது.

"அடப்பாவிகளா, ஒரு பேப்பர் கடையையே கொட்டிட்டுப் போயிருக்கானுங்களே" என்று பெரியக்கா வாசலிலேயே நின்று தலையில் கை வைத்தாள். கூட்டுகிறவர்கள் மூன்று பேரில் அவள்தான் மூத்தவள். வாய் நீளம். மேனேஜரையே 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாள்.

"நீங்க தலையில கை வெச்சிட்டு நிக்கிற நேரத்துல ரெண்டு வரிசை முடிச்சிடலாம். வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு இன்னொருத்தி விளக்குமாற்றோடு கடைசி வரிசைக்குள் நுழைந்தாள்.

அவளுக்கு அங்கே 'செயலாளர் சம்சாரம்' என்று பெயர். பதினெட்டு வருஷமாக அந்தத் தியேட்டரைக் கூட்டுகிறாள். எந்த நாற்காலி மடங்காது, எந்த நாற்காலிக்கு அடியில் பபிள்கம் ஒட்டுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனாலும் அவள் புருஷன் ரசிகர் மன்றத்தின் கிழக்குக் கிளைச் செயலாளர் என்பதால் அந்தப் பெயர்தான் நிலைத்தது. செயலாளருக்குப் பிழைப்பு, நசுங்கின கார்களைத் தட்டி நிமிர்த்துவது. பட்டறையில் அவரை யாரும் செயலாளர் என்று கூப்பிடுவதில்லை, 'ஏய்' என்பார்கள். அதனால்தான் மனிதர் மன்றத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் எரிச்சல் குறைவதில்லை. ஒருவர் வருஷம் முழுக்கக் காகிதம் சேர்த்து, கிழித்து, மூட்டை கட்டி, அவருடைய 'அண்ணன்' திரையில் வந்ததும் எறிவாராம். அதை அவர் பெண்டாட்டி பெருக்க வேண்டுமாம். இப்படி ஒரு தலையெழுத்தை எந்தக் கடவுள் உட்கார்ந்து யோசித்து எழுதினாரோ.

அவர்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் எப்போதும் ஒரு சாக்கு மூட்டை இருக்கும். பழைய செய்தித்தாள், காலண்டர், மகளின் பள்ளிக்கூட நோட்டு, மருந்துச் சீட்டு, எல்லாம் அதற்குள்தான் போகும். படம் வருவதற்கு முந்தின நாள் மூட்டையைக் கூடத்தில் கவிழ்த்துவிட்டு எல்லோரும் கிழிக்க உட்கார வேண்டும். செயலாளர் பொடியாகக் கிழிப்பார், கட்டைவிரல் நகம் அளவுக்கு. பொடியாக இருந்தால்தான் வெளிச்சத்தில் மினுமினுத்துக்கொண்டு இறங்குமாம். அவள் உள்ளங்கை அகலத்துக்குத்தான் கிழிப்பாள். பொடிக் காகிதம் கீழே சிந்தின குளிர்பானத்தில் ஒட்டிக்கொண்டால் விளக்குமாற்றுக்கு வராது, நகத்தால் சுரண்ட வேண்டும். பெரிய துண்டு ஒரே இழுப்பில் வந்துவிடும். யார் பெருக்கப் போகிறார்களோ அவர்கள் கவலை அவர்களுக்கு.

"இந்தத் தடவை பரவாயில்லடி, கொஞ்சம் பெருசு பெருசா கிடக்கு" என்றாள் பெரியக்கா, முன் வரிசையிலிருந்து.

"எங்க வீட்டு மூட்டையில நான் கை வெச்சதுக்கா. அவருக்குத் தெரிஞ்சா கத்துவாரு."

"கத்தட்டும். இடுப்பு யாரோடது?"

அடுத்த காட்சிக்கு இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் கீழ்த்தளம் முழுவதும் முடிய வேண்டும். மூன்றாமவள் மாடியில் தனியாகப் போராடிக்கொண்டிருந்தாள். குளிர்சாதனத்தை அணைத்துவிட்டதால் உள்ளே வேர்வை நாற்றமும் வெண்ணெய் நாற்றமும் கலந்து மூச்சை முட்டின. அவள் நாற்காலியை மடக்கி, அடியில் விளக்குமாற்றை விட்டு இழுத்து, நடைபாதையில் சேர்த்து, மறுபடியும் குனிந்தாள். ஆறு வரிசை முடிந்திருக்கும். தகர முறத்தில் அள்ளும்போதுதான் அந்தத் துண்டு கண்ணில் பட்டது.

வெள்ளைத் தாள். நீல மையில் குண்டு குண்டான எழுத்து. ஓரத்தில் பச்சை மையில் பாதிக் கையெழுத்து.

அவளுக்கு அதிகம் படிக்க வராது. எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஆனால் பெற்ற பிள்ளையின் எழுத்தைத் தெரிந்துகொள்ள எதற்குப் படிப்பு? அவள் தகரத்தைக் கீழே வைத்துவிட்டுக் குவியலைக் கையால் கிளறினாள். இன்னொரு துண்டு, அதிலும் பச்சை. அடுத்ததில் கட்டம் போட்டு 'ஊசி' என்று எழுதி, பக்கத்தில் தேதி, பக்கத்தில் பச்சை.

"அக்கா!"

அவள் கூப்பிட்ட விதத்தில் பெரியக்கா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "என்னடி, தேள் ஏதாவது கொட்டிடுச்சா?"

"இது பாப்பாவோட ரெக்கார்டுக்கா."

"எந்த ரெக்கார்டு?"

"நர்ஸ் படிப்பு ரெக்கார்டு. மூணு வருஷமா எழுதினது. எத்தனை ஊசி போட்டா, எத்தனை பேருக்குக் கட்டு மாத்தினா, எத்தனை பிரசவத்துல கூட நின்னா, எல்லாம் எழுதி அந்தந்த வார்டு சிஸ்டர்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்காக்கா. பச்சை மையிலதான் போடுவாங்க. நாளைக்குக் காலையில கொடுக்கணும். கொடுக்கலைன்னா பரீட்சைக்கு உட்கார விடமாட்டாங்க. இன்னொரு வருஷம் வார்டு வார்டா போயி முதல்லேர்ந்து..."

அவள் மறுபடியும் குவியலைக் கிளறத் தொடங்கினாள்.

நடந்தது என்னவென்று யோசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அலமாரியில் பழுப்பு அட்டை போட்ட நோட்டுகள் இரண்டு இருந்தன. ஒன்று ரஃப், இன்னொன்று ஒரிஜினல். ரஃப் நோட்டில் கையெழுத்து கிடையாது. நேற்றுக் காலையில் மகள் தலையை வாரிக்கொண்டே, "அப்பா, அலமாரியில ரஃப் நோட்டு இருக்கு. இனிமே எனக்கு வேண்டாம், கிழிக்கிறதுன்னா எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனாள். செயலாளருக்கு அந்த வருஷம் காகிதம் போதவில்லை என்று ஒரே கவலை. மேற்குக் கிளைக்காரர்கள் அச்சகத்துக் கழிவையே மூட்டையாக வாங்கிவிட்டார்களாம். மகள் சொன்னதுதான் தாமதம், கையை நீட்டியிருக்கிறார். அகப்பட்டதை எடுத்திருக்கிறார். அட்டையைத் திறந்து பார்க்கவா போகிறார்?

"அந்த ஆளைக் கொல்லாம விடமாட்டேன்க்கா."

"கொல்றதை அப்புறம் கொல்லலாம். முதல்ல குப்பையை யாரும் கொட்டாம பார்த்துக்கணும்." பெரியக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீ பொறுக்கு. பச்சையோ நீல எழுத்தோ இருந்தா தனியா போடு. நான் தம்பிகிட்ட பேசிட்டு வரேன்."

தம்பி என்கிற மேனேஜர் வந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. நல்ல மனிதர்தான். ஆனால் விடுமுறை நாளில் நல்லவராக இருக்க அவருக்கு நேரம் கிடையாது.

"என்னம்மா இது, பாதி வரிசைதான் ஆகியிருக்கு. வெளியில கூட்டம் கேட்டை ஆட்டுது."

"சார், ஒரு அரை மணி நேரம் தள்ளிப் போடுங்க சார். என் பொண்ணோட படிப்பு இதுல கிடக்குது."

"அரை மணியா? அரை நிமிஷம் தள்ளினா சீட்டைக் கிழிச்சிடுவானுங்கம்மா. இருக்கிறதை மூட்டையாக் கட்டி ஸ்டோர் ரூம்ல போடுங்க. ஒண்ணும் வெளியில போகாது, அதுக்கு நான் பொறுப்பு. அதுக்கு மேல என்னால முடியாது."

அவர் சொன்னதும் நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. யாரையாவது திட்டினால் தேவலை போலிருந்தது. திட்ட வேண்டிய ஆள் வெளியே வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார். முதல் நாள் ஐந்து காட்சியையும் பார்ப்பது அவர் வழக்கம்.

பெரியக்காவும் மாடிக்காரியும் அவளுமாகக் குப்பையை ஏழு மூட்டையாகக் கட்டினார்கள். சோளம், கப்பு, உறை, காகிதம், எல்லாம் ஒன்றாக. ஸ்டோர் ரூமில் கடைசி மூட்டையை இறக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேற்று வீட்டிலிருந்து போனது இரண்டு சாக்கு. முதல் காட்சிக்கு ஒன்றுதான் பிரித்திருப்பார்கள். இரண்டாவது சாக்கு இரண்டாம் காட்சிக்கு. மீதி ரெக்கார்டு அதில்தான் இருக்கும்.

"அக்கா, இன்னொரு மூட்டை அவர்கிட்ட இருக்குக்கா!"

அதற்குள் உள்ளே விளக்கு அணைந்துவிட்டது.

அவள் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். பதினெட்டு வருஷம் வெளிச்சத்தில் பார்த்த இடம், இருட்டில் காலுக்குத் தெரிந்த இடம். படம் தொடங்கி வில்லன் யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் வருவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. எப்போது வருவார் என்று முதல் காட்சி பார்த்தவர்களுக்கெல்லாம் இப்போதே மனப்பாடம். முதலில் செருப்புக் கால் வரும், அப்புறம் கை, அப்புறம்தான் முகம். முகம் வரும்போது காகிதம் பறக்க வேண்டும். அதற்கு முன்னால் எறிகிறவன் கத்துக்குட்டி.

கிழக்குக் கிளை எப்போதும் முன்னால் மூன்றாவது வரிசையிலிருந்து உட்காரும். சாக்கு காலியாகக் கிடந்தது. காகிதமெல்லாம் ஏற்கெனவே ஆளுக்கு ஒரு பையாகப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது.

"ஏங்க!" என்றாள் அவள், அவர் தோளைப் பிடித்து உலுக்கி. "அந்தக் காகிதத்தை எறியக்கூடாது. அது பாப்பாவோட ரெக்கார்டு."

செயலாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்தா, வேலை நேரத்துல இங்க என்ன பண்றே? அப்புறம் பேசலாம் போ."

"அப்புறம்னா என்னங்க அப்புறம்? நீங்க எடுத்தது ரஃப் நோட்டு இல்லை. ஒரிஜினலு!"

"ரஃப்தான். பாப்பாதானே சொன்னா?"

"திறந்து பார்த்தீங்களா?"

"அட்டை பழுப்பு. அவ சொன்னதும் பழுப்பு. சும்மா போம்மா, பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்குது."

பின்னாலிருந்து ஒருவன், "அக்கா, உட்காருங்கக்கா!" என்று கத்தினான். இன்னொருவன் விசில் அடித்தான். திரையில் ஒரு கதவு திறந்தது, வெளிச்சம் வந்தது, ஒரு செருப்புக் கால் படியில் இறங்கியது. அரங்கமே எழுந்து நின்றது.

அவளுக்குள் இருந்த மரியாதையெல்லாம் அந்த இடத்தில் அறுந்துபோனது.

"யோவ்!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத வார்த்தை. "யோவ், உன் அண்ணன் உனக்குச் சோறு போட்டானா? உன் பேரு அவனுக்குத் தெரியுமா? மூணு வருஷம் ராத்திரியும் பகலும் நின்னு கால் வீங்கி வந்தாளேய்யா உன் பொண்ணு. அவ படிப்பைக் கிழிச்சு அவன் மூஞ்சியில எறியறியே, நீயெல்லாம் ஒரு அப்பனா?" கையிலிருந்த பச்சைமைத் துண்டை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். திரை வெளிச்சத்தில் அந்தப் பச்சை நன்றாகவே தெரிந்தது.

செயலாளர் பார்த்தார்.

திரையில் கை வந்தது. விரல்கள் மடங்கின.

அவர் அடுத்துச் செய்ததை அவள் எதிர்பார்க்கவில்லை, அவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார். நாற்காலியின் மேல் ஏறினார். அரங்கத்தைப் பார்த்து, அண்ணனுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து நின்றார். பட்டறையில் சம்மட்டிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகின குரல் அவருடையது.

"எறியாதீங்கடா! கிழக்குக் கிளை, ஒருத்தனும் எறியக்கூடாது! கையில இருக்கிறதைக் கீழே போடாதே! இது என் ஆர்டர்!"

அண்ணன் முகம் வந்தது. இசை இடித்தது. கிழக்குக் கிளையின் நாற்பது பேரும் கையில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, எறிய ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றார்கள். இருபது வருஷத்தில் கிழக்குக் கிளையின் காகிதம் இல்லாமல் அண்ணன் வந்து நின்றது அன்றுதான். மாடியிலிருந்து மேற்குக் கிளை தங்கள் அச்சகக் கழிவைக் கொட்டிவிட்டுக் கூக்குரல் போட்டது. "கிழக்குல காகிதம் தீந்துபோச்சுடோய்!" "கொஞ்சம் கடன் தரவாடா!"

செயலாளர் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த நாளுக்காக அவர் எட்டு மாதம் காத்திருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். பாவமாகக்கூட இருந்தது. ஆனால் பாவப்படவும் பிடிக்கவில்லை.

சத்தம் அடங்கியதும் அவர் ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து போய்ப் பைகளை வாங்கினார். இரண்டு பேர் அவசரப்பட்டு எறிந்துவிட்டிருந்தார்கள். இடைவேளையில் விளக்கு போட்டதும் நாற்பது பேரும் நாற்காலிகளுக்கு நடுவே மண்டி போட்டுத் தேடினார்கள். செல்போன் விளக்கைத் தரையில் அடித்துக்கொண்டு, மேலேயிருந்து விழுந்த அச்சகக் காகிதத்தை ஒதுக்கி ஒதுக்கி, நீலமும் பச்சையுமாக எடுத்தார்கள்.

"பார்றி" என்றாள் பெரியக்கா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "பதினெட்டு வருஷத்துல இவனுங்க குனிஞ்சு இன்னிக்குத்தான் பார்க்கிறேன். டேய் மீசை, அந்தச் சீட்டுக்கு அடியில பபிள்கம் இருக்கு, பார்த்து. நீ ஒட்டினதாத்தான் இருக்கும்."

மீசைக்காரன் வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியில் பையை வைத்து, வந்த துண்டுகளை வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

செயலாளர் கை நிறையத் துண்டுகளோடு வந்தார். பையில் போடாமல் நின்றார். ஒரு துண்டை எடுத்துத் தன் உள்ளங்கையில் விரித்துப் பார்த்தார். உள்ளங்கை அளவுக்குச் சரியாக இருந்தது. இன்னொன்றையும் வைத்துப் பார்த்தார். அதுவும் அப்படித்தான்.

"இது..." என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கையிலிருந்ததைப் பையில் போட்டுவிட்டு, அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அவள் குனிந்து பைக்குள் பார்த்தாள். நகம் அளவுத் துண்டு ஒன்றுகூட இல்லை. பச்சை மைத் துண்டுகள் அத்தனையும் பெரிசு பெரிசாக, ஒரே அளவில், ஒரே கையால் கிழித்தவையாக இருந்தன.

நேற்றுச் சாயங்காலம் கூடத்தில் காகிதக் குவியல் கிடந்தது. செயலாளர் வாசலில் யாருடனோ கொடி கட்டுகிற பேச்சில் இருந்தார். விடுமுறை என்றால் தொலைக்காட்சியில் அண்ணனின் அந்தப் பழைய படத்தைப் போடாமல் இருக்கமாட்டார்கள். வருஷா வருஷம் போடுகிறார்கள், ஊரே பார்க்கிறது. அவளுக்கு அண்ணனைக் கண்டால் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்தப் படத்தில் ஒரே ஒரு இடம் உண்டு. பெரிய அதிகாரியாகி வருகிற மகன், ஓர் அலுவலகத்தில் கூட்டிக்கொண்டிருக்கிற தன் அம்மாவைப் பார்க்கிறான். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவள் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்குகிறான். 'கொடுங்கம்மா. இன்னிக்கு நீங்க உட்காருங்க, நான் கூட்டுறேன்' என்கிறான். அவ்வளவுதான் காட்சி. அந்த இடம் வந்தால் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும். யாரும் பார்க்காமல் முந்தானையில் துடைத்துக்கொள்வாள். நேற்றும் அது வந்தது. கண் திரையில் இருந்தது, கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. பழுப்பு அட்டை ஒன்று மடிக்கு வந்தது, அதைப் பிரித்தாள், நாலு நாலு தாளாக உருவினாள், கிழித்தாள். பச்சை மை கண்ணுக்கு நேராகத்தான் இருந்திருக்கும். கண் வேறு எங்கோ இருந்தது.

'நீயெல்லாம் ஒரு அப்பனா' என்று நாலு பேர் நடுவில் கேட்டாளே, அந்த வார்த்தை இப்போது அவளிடமே திரும்பி வந்து நின்றது. அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. பூமி எங்கே பிளக்கிறது? இடைவேளை முடிந்து மணிதான் அடித்தது.

மேனேஜர் அன்று அவளுக்கு மீதி நேரம் லீவு கொடுத்தார். பெரியக்கா ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து ஏழு மூட்டையையும், மன்றத்தாரிடம் வாங்கின பைகளையும் சலித்துக் கொடுத்தாள். செயலாளர் மூன்றாம் காட்சி பார்க்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார். தெரு முனையில் அவர் நின்று, "டேப்பு எத்தனை வாங்கட்டும்?" என்று கேட்டார்.

"நாலு" என்றாள்.

கூடத்தில் பாயை விரித்து, கொட்டி, சோளத்தையும் அழுக்கையும் தட்டி, ஈரமானதைத் துணியில் ஒற்றி, துண்டு துண்டாகப் பரப்பினார்கள். அலமாரியில் ரஃப் நோட்டு அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லாமல். அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு செயலாளர் படித்துப் படித்துச் சொல்ல, அவள் பொருத்தினாள். பெரிய துண்டாக இருந்ததால் ஒரு தாளுக்கு ஆறுதான். ஓரத்துக்கு ஓரம் சேர்ந்தது. பொடியாகக் கிழித்திருந்தால் கடவுளே வந்தாலும் ஒட்டியிருக்க முடியாது. இதைச் சொல்லி ஆறுதல் பட அவளுக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. ரொட்டியும் முட்டையும் வாங்கி வந்து வைத்தார். அது ஆறிப்போய்க் கிடந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மகள் வந்தாள். வெள்ளை உடுப்பில், கையில் செருப்பைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, வீங்கின காலோடு. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது?"

மகள் குனிந்து ஒரு தாளை எடுத்தாள். டேப்பு ஒட்டின கோடுகள் வெளிச்சத்தில் பளபளத்தன.

"என் ரெக்கார்டா? அம்மா, இது என் ரெக்கார்டாம்மா?"

"நான்தான் பாப்பா" என்றார் செயலாளர். "நோட்டு மாறிப்போச்சு. நான்தான் எடுத்தேன். நான்தான் கிழிச்சேன்."

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாயில் உட்கார்ந்து, ஒட்டாமல் கிடந்த துண்டு ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தாள். சிறு வயதிலிருந்து இந்த வீட்டில் அப்பாவுக்கு ஒரு பக்கமும் அம்மாவுக்கு ஒரு பக்கமும் உட்கார்ந்து காகிதம் கிழித்து வளர்ந்த பெண்.

"நீங்க இவ்வளவு பெருசா கிழிக்கமாட்டீங்களேப்பா."

செயலாளர் டேப்பின் நுனியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

"நான்தாண்டி" என்றாள் அவள். "எடுத்தது அவரு. கிழிச்சது நான். உன் எழுத்தும் தெரியலை, பச்சை மையும் தெரியலை. டிவியைப் பார்த்துக்கிட்டே கிழிச்சிட்டேன்."

"நீயா? டிவியா? உனக்குத்தான் பிடிக்காதே?"

"பிடிக்கும்" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு அத்தனை அவமானமாக இருந்தது. "அந்த ஒரு இடம் மட்டும் பிடிக்கும்."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் முகம் கழுவாமல், உடுப்பு மாற்றாமல், தாள்களைத் தேதி வாரியாக அடுக்கத் தொடங்கினாள். நர்ஸிங் பள்ளி டியூட்டருக்குப் போன் செய்தாள். மறுமுனையில் நீளமாகத் திட்டு விழுந்தது கூடத்துக்கே கேட்டது. கையெழுத்து முழுசாகத் தெரிகிற தாளை வாங்கிக்கொள்வார்களாம். தெரியாத தாளுக்குத் திரும்பவும் வார்டில் நிற்க வேண்டுமாம். பிரசவ வார்டுத் தாளில் கையெழுத்துப் பாதி இல்லை. எங்கே போய் ஒட்டிக்கொண்டதோ, எந்தச் செருப்போடு போனதோ.

"இருபது பிரசவம்" என்றாள் மகள், போனை வைத்துவிட்டு. "திரும்ப நிக்கணும். லீவு முழுக்க, ராத்திரி ஷிப்டு. எல்லாரும் படிக்கும்போது நான் நிக்கணும்." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம்ல. ரெண்டு பேர்ல ஒருத்தராவது. ஒரே ஒரு தடவை."

மூன்று பேரும் கடைசி நான்கு தாளையும் ஒட்ட உட்கார்ந்தார்கள். மகள் பொருத்தினாள், செயலாளர் டேப்பை நறுக்கிக் கொடுத்தார், அவள் ஒட்டி நகத்தால் நீவினாள்.

பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி போட்டார்கள். விடுமுறை அல்லவா? நேற்று ஒரு சேனல் போட்ட படத்தை இன்று இன்னொரு சேனல் போடும். சுவர் மெல்லிசு, ஒரு வார்த்தை தப்பாமல் கேட்டது. செயலாளரின் உதடு பழக்கத்தில் வசனத்தோடு சேர்ந்து அசைந்தது. உடனே பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டார். எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று மகள் தலையாட்டினாள்.

அவளுக்குத் தெரியும், எத்தனை நிமிஷத்தில் அது வரும் என்று. கேட்கக்கூடாது என்று தாளையே பார்த்தாள். பச்சை மையில் யாரோ ஒரு சிஸ்டரின் பெயர். காலடிச் சத்தம் வந்தது. கோட்டைக் கழற்றுகிற இடத்தில் வருகிற அந்த ஒற்றை வயலின் வந்தது. அப்புறம் அந்தக் குரல், 'கொடுங்கம்மா...'

கண் நிறைந்தது. ஐயோ, இன்றைக்குமா? அவளுக்குத் தன் கண்ணையே பிடுங்கி எறிய வேண்டும் போல ஆத்திரம் வந்தது. இத்தனை நடந்த பிறகும் வெட்கம் கெட்ட கண், அதே வார்த்தைக்கு, அதே இடத்தில் நிறைகிறது. துடைக்கலாம் என்றால் இரண்டு கையும் தாளை அழுத்திக்கொண்டிருந்தன. விட்டால் பொருத்தினது நகர்ந்துவிடும்.

மகள் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள்.

"தள்ளி உட்காரும்மா" என்றாள். "தண்ணி பட்டா அந்த மை கரைஞ்சிடும்."